ஆல்பனின் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி

கோர்பினியான் பெரிதாக எதற்கும் ஆசைப்பட்டவன் அல்ல. வீடு அப்பா விட்டுப்போனது, கார் மைத்துனன் ஓட்டித் தேய்த்தது. ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான், அதுவும் இருபத்தாறு வருடமாக. ஊரின் மூத்த வேட்டைக்காரர் ஆல்பன் ரைசிங்கரின் தோளில் தொங்கிய துப்பாக்கிக்கு.

போருக்கு முன்னே, ஜெர்மனியில் துப்பாக்கிக்குப் பேர்போன ஸூல் ஊரில், பெயர் தெரியாத ஏதோ ஒரு பட்டறையில் செய்தது. எட்டுப் பட்டை வைத்த குழல். நடுவில் மடித்து, ஒரு தோட்டாவைப் போட்டு மூடினால் அவ்வளவுதான். இரண்டாவது தோட்டாவுக்கு அதில் இடம் கிடையாது. மலையேறும்போது தோளில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும், அத்தனை லேசு. மர ஆலையில் முப்பது வருடம் பலகை தூக்கி வலது தோளைத் தொலைத்த கோர்பினியானுக்கு அந்த லேசைப் பார்க்கும்போதெல்லாம் வாயில் எச்சில் ஊறும்.

போன வருடம் வசந்தத்தில் ஆல்பன் போய்ச் சேர்ந்தார். மகன் ஏகித் மியூனிக்கிலிருந்து வந்தான், சனி ஞாயிறுக்குள் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்ற அவசரத்தோடு. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே துப்பாக்கியைக் கேட்டு கோர்பினியான் அங்கே வாசலில் நின்றான். துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு ஏகித் ஒரு கேள்வி கேட்டான்: தங்கச்சி போல்டிக்கு இது வேண்டுமென்று ஏதாவது சொன்னாளா?

சொல்லவேண்டியதே இல்லை, ஊருக்கே தெரியும். போல்டியும் உரிமம் வாங்கிய வேட்டைக்காரிதான். அப்பாவுக்கு முழங்கால் போன பிறகு நான்கு வருடம் அந்தத் துப்பாக்கியைச் சுமந்துகொண்டு அவரோடு மலையேறியவளும் அவள்தான். ஏகித் அவளுக்கு ஒரு போன் போட்டால் போதும், ஆனால் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வது கிறிஸ்துமஸுக்கு மட்டும். கோர்பினியான் தரையைப் பார்த்துக்கொண்டு, “தெரியலையே” என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்குத் துப்பாக்கி கிடைத்தது. அடுத்த வாரமே மாவட்ட அலுவலகத்தில் அவன் துப்பாக்கி உரிம அட்டையில் முறையாக ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். சட்டப்படி எல்லாம் சுத்தம். அதற்கப்புறம் ரொட்டிக்கடையில் எதிரே வந்தால் போல்டி ரொட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்க்கவில்லை. உனக்கு நன்றாக வேண்டும் என்று அவன் மனைவி ஹெர்மினாவே சொன்னாள்.

சுடும் மைதானத்தில் அது அவனைக் கிறங்க வைத்தது. நூறு மீட்டரில் மூன்று குண்டு, மூன்று ஓட்டையையும் சேர்த்துக் கட்டைவிரல் நகத்தால் மூடலாம். அதற்கு இரண்டு விசை. பின்விசையை இழுத்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். பிறகு முன்விசைக்கு மூச்சுக்காற்று பட்டால் போதும், வெடித்துவிடும். பின்விசையைத் தொடுவது குறி பார்த்து முடித்த பிறகுதான், அதற்கு முன் கூடாது. பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும் என்று மைதானத்தில் இருந்தவர்கள் கேலி செய்தார்கள். அவனுடைய பழைய துப்பாக்கியில் அந்த வம்பெல்லாம் கிடையாது.

ஆகஸ்ட் முதல் வாரம், மான்கள் இணை தேடும் காலம். விடிந்த கையோடு கோர்பினியான் காட்டோரத்தில் உட்கார்ந்து, பீச் என்ற காட்டுமரத்தின் இலையை உதட்டில் வைத்துப் பெண்மான் போலக் கூப்பிட்டான். மூன்றாவது கூப்பாட்டுக்கே ஆண்மான் வந்துவிட்டது. வயதானது, கொம்பு தேய்ந்தது, சுட வேண்டிய மான்தான். பதற்றத்தில் அவன் அப்போதே பின்விசையை இழுத்துவிட்டான். மான் நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. இவன் துப்பாக்கியை அதன் பின்னாலேயே திருப்பினான். விரல் எப்போது முன்விசையில் பட்டது என்று இன்று கேட்டாலும் அவனால் சொல்ல முடியாது. துப்பாக்கி வெடித்தது. மான் முதுகைக் கூனிக்கொண்டு காட்டுக்குள் பாய்ந்தது. மடித்து, இன்னொரு தோட்டாவைப் போட்டு மூடுவதற்குள் புல்வெளி காலி.

மான் நின்ற இடத்தில் கொஞ்சம் முடி, கறுஞ்சிவப்பாகச் சில துளிகள். ஈரலில் பட்டிருக்கிறது. ஒரு உயிர் எங்கோ கிடந்து துடிக்கிறது, காரணம் தன் விரல். நாற்பது வருட வேட்டையில் அவன் ஒரு மானைக்கூட அப்படி விட்டதில்லை. இதைக் கண்டுபிடிக்காவிட்டால் இனி துப்பாக்கியே தொடக்கூடாது என்று அந்த இடத்திலேயே நினைத்துக்கொண்டான். மேற்கே மலைக்குப் பின்னால் மேகம் வேறு திரண்டுகொண்டிருந்தது. மழை வந்தால் தடம் போச்சு.

மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய் அந்தப் பள்ளத்தாக்கில் ஒன்றுதான் இருந்தது. ஸென்டா. போல்டியின் நாய்.

மூன்று தடவை போனை எடுத்து மூன்று தடவையும் பையில் போட்டான். நான்காவது தடவை மானத்தை விட்டுவிட்டு அடித்தான்.

“போல்டி, நான் கோர்பினியான். மானைச் சுட்டேன், ஓடிருச்சு. ரத்தம் கிடக்கு, கறுப்பா.”

அந்தப் பக்கம் மாட்டுத் தொழுவத்துச் சத்தம் கேட்டது.

“வியர்வை,” என்றாள் போல்டி.

வேட்டைக்காரன் வாயில் ரத்தம் என்ற சொல் வரக்கூடாது. அவர்களுக்கு அது வியர்வை. பதினாறு மாதத்துக்குப் பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை, அதுவும் திருத்தம். கோர்பினியானுக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

“ஆமா. வியர்வை.”

“எதால சுட்டே?”

“உங்கப்பா துப்பாக்கியால.”

அவள் வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“ஒன்பது மணிக்கு வரேன். நீ காட்டுக்குள்ள ஒரு அடி வைக்கக்கூடாது. இப்பவே மானைக் கிளப்பிவிட்டா அடுத்த பள்ளத்தாக்குல போய்த்தான் சாகும்.”

மான் நின்ற இடத்தில் ஒரு கிளையை ஒடித்து அடையாளம் வைத்துவிட்டு, வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் உட்கார்ந்தான். இரண்டரை மணி நேரம். மேகம் முக்கால் வானத்தை விழுங்கியது. அவனுக்கு ஏகித்தின் கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்பே போல்டி வந்தாள், தொழுவத்துப் பூட்ஸோடு. வணக்கம்கூட இல்லை. துளியைத் தொட்டு முகர்ந்தாள், நாயை நீளக் கயிற்றில் விட்டாள், பின்னால் வா என்று தலையை ஆட்டினாள். ஸென்டா மூக்கைத் தரையில் பதித்து நடந்தது. ஓடையைத் தாண்டியது, தடத்தைத் தொலைத்தது, ஒரு சுற்று சுற்றித் திரும்பவும் பிடித்தது. முதல் இடி கேட்டபோது கோர்பினியான் கடவுளிடம் வெளிப்படையாகவே கெஞ்சினான், வாய்விட்டு. போல்டி திரும்பிப் பார்க்கவில்லை.

நானூறு அடிதான் இருக்கும். ஆல்டர் புதருக்குள் ஸென்டா நின்று வாலை ஆட்டியது. மான் படுத்த வாக்கில் செத்திருந்தது, உடம்பு விறைக்க ஆரம்பித்திருந்தது. நெடுநேரம் துடிக்கவில்லை என்று போல்டி சொன்னாள். கோர்பினியான் முட்டிபோட்டு மானின் கழுத்தில் கை வைத்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, அவன் துடைக்கவும் இல்லை.

வேட்டைக்காரர் வழக்கப்படி மானின் வாயில் கடைசிக் கவளமாக ஒரு கிளைநுனியை வைத்த போல்டி, இன்னொரு நுனியைக் காயத்தில் தொட்டு அவனிடம் நீட்டினாள். “வேட்டை வாழ்த்து.”

“வேட்டை நன்றி,” என்றான். முறைப்படி அதைத்தான் சொல்லவேண்டும். பிறகு அந்தக் கிளைநுனியை இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைத் தன் தொப்பியிலும் மறுபாதியை நாயின் கழுத்துப் பட்டையிலும் செருகினான். அதுவும் முறைதான். ஆனால் முறையோடு நிறுத்திக்கொள்ள அவனால் முடியவில்லை.

“போல்டி, ஏகித் அன்னைக்கு என்னைக் கேட்டான். உனக்கு வேணுமான்னு. தெரியலன்னு சொல்லிட்டேன்.”

“தெரியும். கிறிஸ்துமஸுக்கு சொன்னான்.”

“தெரிஞ்சுமா வந்தே?”

“மானா பொய் சொன்னது?” என்று கயிற்றைச் சுருட்டினாள். “பின்விசையை முதல்லயே இழுத்துட்டியா?”

“ஆமா.”

“அப்பாவும் வாங்கின வருஷம் அப்படித்தான். எங்க தொழுவத்துக் கூரையில ஒரு ஓட்டை இருக்கு, பார்த்ததில்ல? மரங்கொத்தின்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சார்.”

கோர்பினியான் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள், பிறகு சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டதுபோல மூக்கை உறிஞ்சினாள். மழை பிடித்துக்கொண்டது.

மானைத் தோள்பையில் கட்டித் தூக்கியபோது கோர்பினியானுக்கு வலது தோள் முறுக்கிக்கொண்டது. துப்பாக்கியை எங்கே மாட்டுவது? மடித்து, குழல் காலி என்று அவளுக்குக் காட்டி, நீட்டினான். போல்டி ஒரு கணம் தயங்கி வாங்கினாள். தோள்வாரை இரண்டு துளை சுருக்கினாள். கண்ணை மூடிக்கொண்டே செய்கிற வேலை போல விரல் தானாகப் போனது. மலையிறங்கும் வரை அவள் இடது கை அந்தத் துப்பாக்கிக் கட்டையை விட்டு நகரவே இல்லை. பின்னால் நடந்த கோர்பினியான் அதையே பார்த்துக்கொண்டு வந்தான்.

அவள் வீட்டுப் படலில் வந்து நின்றார்கள். மழை அவன் தொப்பி விளிம்பில் ஒழுகியது. போல்டி வாரைத் தோளிலிருந்து கழற்றினாள்.

“மாட்டிக்கோ,” என்றான் கோர்பினியான். “திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போய் உன் பேர்ல மாத்திரலாம்.”

அவள் அவனைப் பார்த்தாள், பிறகு நாயைப் பார்த்தாள், தொழுவத்தைப் பார்த்தாள். வாரை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டாள்.

“திங்கக்கிழமை மாட்டு டாக்டர் வர்றார்,” என்றாள். “செவ்வாய்க்கிழமைன்னா முடியும்.”