பழுப்புக் குதிரையில் இருவர்

அந்தப் பழுப்புக் குதிரை நடந்தால் அதன் முதுகில் இரண்டு பேர் இருந்தார்கள். துள்ளி ஓடினால் ஒருவர்தான். முன்னால் இருந்தவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவள். பின்னால் இருந்தவள் அவளுடைய அக்கா, நிமோனியாவில் இறந்து மூன்று வருடம் ஆனவள். உயிரோடு இருந்தபோதே அக்காவுக்குத் துள்ளோட்டம் வராது. குதிரையின் தாளத்துக்குச் சேணத்திலிருந்து எழுந்து எழுந்து உட்கார வேண்டும். அவளோ எழ வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து, உட்கார வேண்டிய நேரத்தில் எழுந்து, இடுப்பு போச்சு என்று இறங்கிவிடுவாள். செத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் நெடுந்தூரக் குதிரை ஓட்டம் எண்பது கிலோமீட்டர், ஒன்பது மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நடத்திப் போனால் நேரம் போதாது, பாய்ச்சலில் விட்டால் பாதி வழியில் குதிரை படுத்துவிடும், சீரான துள்ளோட்டம்தான் சரி என்று லாயத்தில் சாணி அள்ளுபவர்கூடச் சொல்வார். தங்கைக்கும் தெரியும். தெரிந்துதான் முதல் வருடம் முழு வழியும் நடத்தியே போனாள். அக்கா அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தங்கை குடியிருக்கும் அறையின் கூரை ஒழுகுவதையும் அவள் ஒழுங்காகச் சாப்பிடாததையும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். வந்து சேர்ந்தபோது கொடிகளைச் சுருட்டி வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். இரண்டாம் வருடம் நடையும் ஓட்டமுமாகக் கலந்து பார்த்தாள். குதிரையின் நெஞ்சுத் துடிப்பு நிமிடத்துக்கு அறுபத்து நான்குக்கு இறங்கினால்தான் பாதி வழிச் சோதனையைத் தாண்ட விடுவார்கள். இறங்கவில்லை. "ரெண்டு பேரை ஏத்திக்கிட்டு வந்தா எப்படிம்மா இறங்கும்?" என்ற கால்நடை மருத்துவர், தாளிலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இந்தத் தடவையும் முடிக்கலைன்னா குதிரையை வித்துடுவேன், கோவிச்சுக்காதீங்க" என்றார் குதிரைக்குச் சொந்தக்காரரான லாயக்காரர். அவள் வேறு நான்கு குதிரைகளில் ஏறிப் பார்த்திருந்தாள். அக்கா எதிலும் ஏறவில்லை. இது போனால் அக்காவும் போய்விடுவாள்.

மூன்றாம் வருடம் கொடி அசைந்ததுமே துள்ளவிட்டாள். நூறு அடி தாண்டுமுன் முதுகுப் பக்கம் காலியானது. எழுந்து உட்கார்ந்து, எழுந்து உட்கார்ந்து, ஏழு மணி நேரத்துக்கு மேல் போனாள். சாப்பிட்டாயா என்று கேட்க நாதியில்லை. அக்காவைப் புதைத்த அன்றுகூட அவள் இவ்வளவு தனியாக இருந்ததில்லை. அறுபத்தெட்டாவது கிலோமீட்டரில், ஒரு கல்குவாரிக்குள் கரடுமுரடான சரிவு வந்தது. அங்கே ஓடினால் குதிரையின் கால் போய்விடும் என்பதால் நடத்தினாள். சேணம் கொஞ்சம் அழுந்தியது.

"சாப்பிட்டியாடீ?"

"இல்லக்கா. நேரமே இல்ல."

அக்கா தோள் வழியாக அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "ஐயோ, இப்படிப் போனா வித்துடுவான். சமதரை வந்ததும் துள்ளவிடு. நான் இறங்கிக்கிறேன்."

"அப்புறம் வருவேல்ல?"

"உன் பின்னாலயே ஓடி ஓடிக் கால் வீங்கிப் போச்சு. இனிமே என்னால முடியாது. நான் இங்கேயே இருக்கேன், நீ வா."

அழுதுகொண்டே துள்ளவிட்டாள். நான்கு நிமிடம் மிச்சமிருக்க முடித்தாள். துடிப்பு அறுபது.

குதிரையை விற்கவில்லை. அதன் பிறகு வேறெந்தச் சாலையில் எவ்வளவு மெல்ல நடத்தினாலும் அதில் ஒருவர்தான். குவாரியின் கதவை ஓட்டத்தன்று மட்டுமே திறப்பார்கள். ஆகவே வருடம் முழுக்கப் பழகி, மற்ற இடங்களில் நல்ல துள்ளோட்டத்தில் மிச்சம் பிடிக்கிற நாற்பது நிமிடத்தை அவள் அந்தச் சரிவில் செலவழிக்கிறாள். சாப்பாட்டுப் பொட்டலத்தையும் அங்கேதான் பிரிக்கிறாள். அமைப்பாளர்கள் தரும் வழித்தாளில் அந்த இடத்துக்கு நேராக இப்போது அச்சடித்தே வருகிறது: சரிவு, கற்கள், நடத்திச் செல்லவும், பழுப்புக் குதிரையில் இருவர்.