சத்தம் கூட்டும் பட்டன்

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். நான் வீட்டின் முன்னறையில் டிவி, ரேடியோ பழுது பார்ப்பவள். தன்னுடைய கதிர் எலும்பு வரைக்கும் போகும், என் ரிமோட்டின் கதிரோ சோபாத் தலையணையைக்கூடத் தாண்டாது என்று கல்யாணமான நாளிலிருந்து என்னைச் சீண்டுவார். ரேடியோ அலை, மைக்ரோவேவ், ரிமோட்டின் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், எக்ஸ்ரே எல்லாமே கூடப்பிறந்தவைதான், அதில் உங்களுடையது கொஞ்சம் முரடு, அவ்வளவுதான் என்று நானும் விடமாட்டேன். இன்னொரு சண்டை டிவி சத்தத்துக்கு. அவர் வைக்கிற சத்தத்தில் கடைக்கு வருகிறவர்களிடம் நான் சைகையில்தான் பேச வேண்டும்.

பக்கவாதம் வந்து அவருடைய வலது கை மடியில் விழுந்ததும் இரண்டு சண்டையும் நின்றுபோயின. வீடு அப்படி அமைதியாக இருப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை.

பேச்சு திரும்பிவிட்டது, கைதான் வரவில்லை. பயிற்சி கொடுக்க வருகிற பெண், ஒரு விரல் துளி அசைந்தாலும் போதும், மீதியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அவர் படுத்ததிலிருந்து டிவி போடுவதில்லை என்று எங்கள் ரிமோட்டைக் கடை அலமாரியில் போட்டிருந்தேன். உடனே போய் ரிமோட்டை எடுத்துவந்து அவர் கைக்குள் செருகி, கட்டைவிரலைச் சத்தம் கூட்டும் பட்டன்மேல் வைத்துவிட்டேன். விரலில் உணர்ச்சி இல்லை. அமுங்கியதா இல்லையா என்பதை டிவிதான் சொல்ல வேண்டும். தினமும் இருவரும் திரையையே வெறித்துப் பார்ப்போம். சத்தம் ஒரு கோடுகூட ஏறாது.

கடைசியில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"விட்டுடு. இது செத்துப்போச்சு. அந்தப் பொண்ணையும் இனிமே வர வேண்டாம்னு சொல்லிடு."

மற்றவர்களுக்கு அழுகை வருகிற இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும். தட்டை நங்கென்று வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

அங்கே தெருமுனைத் தையல்காரர், பழுதுக்குக் கொடுத்து, நான் எப்போதோ சரிசெய்து வைத்திருந்த தன் ரிமோட்டைக் கேட்டு நின்றிருந்தார். அலமாரியைக் குடைந்தேன். எங்கள் வீட்டு ரிமோட்தான் கையில் அகப்பட்டது. இரண்டும் கறுப்பு, ஒரே நீளம், கம்பெனிதான் வேறு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே என் வீட்டுக்காரர் கையில் இருப்பது தையல்காரருடைய ரிமோட்; அது என்ன கத்தினாலும் எங்கள் டிவி மசியாது. ஊரார் டிவியையெல்லாம் சரிபண்ணுகிறவள் சொந்த வீட்டில் செய்த காரியம் இது.

தையல்காரரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். போன் கேமராவைத் திறந்து, என் வீட்டுக்காரர் கையிலிருந்த ரிமோட்டின் முனைக்கு நேராகப் பிடித்தேன். ரிமோட் விடுகிற வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாது, என் பழைய போனின் கேமராவுக்குத் தெரியும். கடையில் எந்த ரிமோட்டையும் நான் இப்படித்தான் சோதிப்பேன்.

ஒருமுறை அமுக்கச் சொன்னேன். இன்னும் எத்தனை தடவை என்று சலித்துக்கொண்டார். எனக்காக என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

போன் திரையில் ஊதாவாக ஒரு புள்ளி மினுங்கியது.

விரலைப் பார்த்தால் அசைந்த மாதிரியே இல்லை. மறுபடி என்றேன். மறுபடி மினுங்கியது. போனை அவருக்கும் தெரியும்படி சாய்த்தேன். எக்ஸ்ரே படத்தைப் பார்க்கும்போது செய்வதுபோல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது நானா?"

"பின்ன நானா?" என்றேன். அத்தனை சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ரிமோட் மாறிப்போன கதையை ஒப்பித்தேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவரோ வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்ப இத்தனை நாளா தையல்காரர் வீட்டு டிவிக்கா சத்தம் வெச்சேன்?"

எங்கள் ரிமோட்டை அவர் கையில் மாற்றி வைத்தேன். வெளியிலிருந்து தையல்காரர், தன்னுடையது ஆயிற்றா என்று கேட்டார். இதோ என்று கத்திவிட்டு டிவியைப் பார்த்தேன். டிவியில் ஒரு கோடு ஏறியது. சற்று நின்று இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் செய்தி வாசிக்கிற பெண் வீடே அதிரக் கத்திக்கொண்டிருந்தாள். இப்போது திட்டப்போகிறேன் என்று அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னும் வைங்க" என்றேன்.