லீன்ஹார்ட் வீட்டுச் சாயங்காலம்

நூரெம்பெர்க் நகரத்தில், சூரியக் கடிகாரம் செய்யும் லீன்ஹார்டின் வீட்டில், அவன் மகள் உர்சலுக்குத் தொண்டை அடைத்த அக்டோபர் மாதத்துக்குப் பிறகு சாயங்காலம் ஆகவில்லை. பக்கத்து வீட்டில் ஆனது, எதிர் வீட்டிலும் ஆனது. பொழுது சாய்ந்ததும் கோபுரத்தில் வழக்கம்போல் நாள்முடிவு மணி அடித்தார்கள், கோட்டைக் கதவுகளைச் சாத்தினார்கள். அந்த ஒரு வீட்டின் கூரையில் மட்டும் பிற்பகல் வெயில் மஞ்சளாக, சாய்வாக விழுந்தபடியே இருந்தது. முதல் வாரம் ஊர் கூடி நின்று பார்த்தது. பிறகு அறுவடைத் திராட்சை வந்து சேர்ந்ததால் எல்லோரும் அவரவர் வேலைக்குப் போனார்கள்.

லீன்ஹார்ட் செய்தவை சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிற சின்னக் கடிகாரங்கள். இரண்டு தந்தப் பலகைகளைக் கீல் வைத்துச் சேர்த்திருப்பான். புத்தகம் போலத் திறந்தால் நடுவில் ஒரு நூல் விறைத்து நிற்கும். கீழ்ப்பலகையில் உள்ள காந்த முள்ளைப் பார்த்து வடக்கே திருப்பி வைத்தால் நூலின் நிழல் மணிக்கோடுகளின் மேல் விழும். மூடியின் முதுகில் சந்திரனின் வளர்பிறை தேய்பிறை காட்டும் சக்கரம் ஒன்று சுழலும். அவற்றை வாங்கிய வணிகர்கள் லிஸ்பன் வரைக்கும் கொண்டுபோனார்கள். மகளுக்காக மிச்சத் தந்தத்தில் ஒன்று செய்தபோது பட்டு நூல் கைவசம் இல்லாததால் அவளுடைய தலைமுடியையே பின்னிக் கட்டினான். அதனால்தான் அப்படி நடந்தது என்று பின்னால் சிலர் சொன்னார்கள். தாயின் பிடிவாதத்தால் நடந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள். இதற்கு மேல் யாரும் ஆராயவில்லை.

உர்சலுக்கு அப்போது எட்டு வயது. தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் படர்ந்து மூச்சு விசிலடித்தது. வைத்தியர் வந்து கரண்டியால் நாக்கை அழுத்திப் பார்த்துவிட்டு, லீன்ஹார்டைப் படிக்கட்டுக்கு அழைத்துப் போய்த் தணிந்த குரலில் பேசினார். உள்ளே இருந்த தாய் குனிகுண்டுக்கு அது கேட்டது. "நாள்முடிவு மணி அடிக்கிற வரைக்கும் தாங்கினா பெரிய விஷயம்."

அவள் அழவில்லை. ஜன்னலோரப் பலகையில் மகளின் கடிகாரம் திறந்தபடி இருந்தது. நிழல் கடைசிக் கோட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அவள் போய்க் கட்டைவிரலை அந்த நிழலின் மேல் வைத்து, மூட்டைப்பூச்சியை நசுக்குவதுபோல அழுத்தினாள். நிழல் நின்றது. ஜன்னலில் வெயில் நின்றது. வெளியே மணி அடித்தது, ஆனால் அந்த அறைக்குள் கேட்கவில்லை. உர்சலின் மூச்சு விசிலடித்தபடியே தொடர்ந்தது.

லீன்ஹார்ட் மேலே வந்து பார்த்தான். மனைவிக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தான். "கையை எடு, குனி. பிள்ளை பக்கத்துல வந்து உக்காரு" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். விரல் அகன்றதும் நிழல் கட்டு அறுந்த கன்றைப்போல ஓடியது. படுக்கையில் பிள்ளையின் உதடு நீலமாகி உடம்பு வில்லாக வளைந்தது. லீன்ஹார்டே பாய்ந்து மனைவியின் விரலைப் பிடித்து நிழலின் மேல் அமுக்கினான். அதன் பிறகு அவன் அதைப் பற்றி அவளிடம் வாதாடியதில்லை. அவன் விரலை வைத்துப் பார்த்தான், நிழல் அதற்குக் கட்டுப்படவில்லை. அதனால் அவளுக்குச் சோறு ஊட்டினான், தலை வாரிவிட்டான், ஆடை மாற்றிவிட்டான். அவள் பலகை மேலேயே தலை சாய்த்துக் கண்ணை மூடுவாள். அந்த ஒரு விரல் மட்டும் தூங்காது.

வருடங்கள் போயின. நகரசபையிலிருந்து இருவர் வந்து, இரவில் இந்த வீட்டு வெளிச்சம் தெருவில் விழுவதால் காவல்காரர்கள் குழம்புகிறார்கள் என்று சொல்லி, வாசல் பக்கத்து ஜன்னல்களுக்குப் பலகை அடிக்க உத்தரவிட்டார்கள். கொல்லைச் சுவர் எப்போதும் வெயிலில் காய்ந்தது. சலவைக்காரி பிரிகித்தா டிசம்பரிலும் அங்கே துணி உலர்த்தினாள். அவள் கோழிகள் உறங்க முடியாமல் வெறிபிடித்து ஒன்றையொன்று கொத்திக்கொண்டன. அதற்காக அவள் ஒருநாள் சண்டைக்கு வந்தாள். குனிகுண்டின் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்ச் சூப் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். போதகரும் வந்தார். வேதாகமத்தில் யோசுவா தேவனுடைய யுத்தத்துக்காகச் சூரியனை நிறுத்தினார், நீ எந்த உரிமையில் நிறுத்துகிறாய் என்று கேட்டார். "எனக்கும் சண்டைதான் நடக்குது ஐயா" என்றாள் அவள். அவர் பிள்ளைக்காக ஜெபித்துவிட்டு, கண் கூசியபடி படி இறங்கினார்.

அவள் காத்திருந்தது மருந்துக்கு. நேரத்தை நிறுத்திவிட்டால், உலகத்தில் எங்கேயோ இருக்கிற ஒரு வைத்தியன் வந்து சேர்வதற்கு அவகாசம் கிடைக்கும் என்று நம்பினாள். லீன்ஹார்ட் அலைந்தான். பாம்பெர்க்கிலிருந்து ஒருவரை, ஃப்யூர்த்திலிருந்து ஒரு யூத வைத்தியரை, வெனிஸ் வழியாகப் போனவர்களிடம் சொல்லி இன்னும் சிலரைக் கூட்டி வந்தான். தேனும் படிகாரமும் கொடுத்தார்கள், புகை போட்டார்கள், இரத்தம் எடுத்தார்கள். கொடுத்த மருந்து உர்சலின் வயிற்றில் கொடுத்தபடியே இருந்தது. காய்ச்சல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடைசியாக வந்தவர் இத்தாலியில் பதுவா மருத்துவப் பள்ளியில் படித்தவர், இளம் வயதுக்காரர். அவர் தொண்டையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு குனிகுண்டின் எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா, என்கிட்ட இருக்கிறது நல்ல மருந்துதான். சில பிள்ளைங்க பிழைச்சிருக்கு. ஆனா அது வேலை செய்ய ஒரு ராத்திரி வேணும். நீங்கதான் ராத்திரியை விடமாட்டேங்கிறீங்களே."

"விட்டா பிழைப்பாளா?"

"தெரியாது. விடலைன்னா ஒருநாளும் பிழைக்கமாட்டா. அது மட்டும் தெரியும்."

மருந்துக் குப்பியை வைத்துவிட்டு அவர் போனார். அது பலகை மேல் அப்படியே இருந்தது. குனிகுண்ட் அதைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள். தெருவில் இரண்டு பனிக்காலம் வந்து போயிற்று.

உர்சலின் தோழி, கூரை வேய்பவரின் மகள் மார்கிட், ஆரம்பத்தில் தினமும் வந்து படுக்கையில் பொம்மை வைத்து விளையாடினாள். பிறகு பாவாடை நீளமாகி, கூந்தலைத் துணியால் மூடிக்கொண்டு வந்தாள். பிறகு கல்யாணமாகி வயிற்றோடு வந்தாள். உர்சல் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். மார்கிட் போன பிறகுதான் பேசினாள். அத்தனை வருடங்களில் அவள் ஒரு கணம்கூடத் தூங்கியிருக்கவில்லை. அதை யாரும் யோசிக்கவில்லை.

"அம்மா, எனக்குத் தூக்கம் வருது."

"கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு."

"எப்பவும் இதையேதான் சொல்றே. வெயில் கண்ணைக் குத்துது. எல்லாரும் ராத்திரிக்குப் போறாங்க, என்னை மட்டும் விடமாட்டேங்கிறே."

குனிகுண்ட் பட்டறையில் இருந்த லீன்ஹார்டைக் கூவி அழைத்தாள். அவனுக்குத் தாடி நரைத்திருந்தது. அவள் கண்ணால் மருந்துக் குப்பியைக் காட்டினாள். குப்பியைத் திறந்து மகளுக்கு மருந்து முழுவதையும் கொடுத்தான், வாயைத் துடைத்தான், தலையணையைத் திருப்பிப் போட்டான். பிறகு மனைவியின் பக்கத்தில் வந்து நின்று அவள் மணிக்கட்டைப் பிடித்தான். இந்த முறை இழுக்கவில்லை. "நீயா எடுக்கணும் குனி. என்னால ஆகாது" என்றான்.

அவள் எடுத்தாள்.

நிழல் அவசரப்படவில்லை. மெல்ல நகர்ந்து கடைசிக் கோட்டைத் தொட்டது. ஜன்னலில் வெளிச்சம் செம்மையாகிச் சாம்பலானது. மணி அடித்தது, மூவருக்கும் கேட்டது. "மணி" என்றாள் உர்சல். கொட்டாவி விட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவள் தூங்கினாள். உண்மையாகவே தூங்கினாள், குனிகுண்ட் பின்னாளில் எல்லோரிடமும் அதை அழுத்திச் சொன்னாள். மருந்து தொண்டைக்குள் இறங்கி வேலையைத் தொடங்கியது, விசில் சத்தம்கூடக் குறைந்தது. ஆனால் இருட்டி முடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் அந்த வீட்டில் விடியவில்லை. நிறுத்தி வைத்திருந்த இரவுகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. சவப்பெட்டியைத் தூக்க வந்தவர்கள் உச்சி வேளையில் லாந்தர் ஏற்றிக்கொண்டு உள்ளே போனார்கள், பெட்டியோடு வெளியே வந்ததும் அணைத்தார்கள். அடக்கம் முடிந்து திரும்பிய குனிகுண்ட் இருட்டுக்குள் போய் உட்கார்ந்தாள். நகரசபை ஆள் அனுப்பி, அடித்த பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு போனது. போதகர் வேறு வீடு பார்த்துத் தருவதாகச் சொன்னார். அவள் மறுத்தாள். லீன்ஹார்ட் தட்டுத் தடுமாறி நடக்கப் பழகினான். அவள் பல மாதங்கள் அவனோடும் பேசவில்லை. அவனுக்கு மிகவும் பயமாக இருந்த நாட்களில், இருட்டில் கை நீட்டி அவள் இருக்கிறாளா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வான்.

மார்கிட்டுக்குப் பிறந்த பிள்ளை தூங்காத பிள்ளை. பகலெல்லாம் வீறிட்டு அழுதது. பால் ஊறாமல், கண் குழிந்து, பைத்தியம் பிடிக்கும் நிலையில் ஒருநாள் காலை அவள் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருட்டு வீட்டுக் கதவைத் தட்டினாள். "அத்தே, உங்க வீட்லயாவது இது தூங்குதான்னு பாக்குறேன். எனக்கு வேற வழி தெரியல" என்றாள். கேட்டது தப்போ என்று நினைத்து அப்போதே அழுதுவிட்டாள். பிறகு இரண்டு கைகள் இருட்டிலிருந்து நீண்டு பிள்ளையை வாங்கிக்கொண்டன.

அதற்குப் பிறகு ரொட்டிக்காரன் வீட்டிலிருந்து ஒன்று வந்தது, பிரிகித்தாவின் பேரன் வந்தான், கோட்டைக்கு வெளியே இருந்துகூடக் கொண்டுவந்தார்கள். சந்தைக்குப் போகும் பெண்கள் போகிற வழியில் விட்டுவிட்டு, வரும்போது எடுத்துக்கொண்டு போனார்கள். மருத்துவச்சிகள் கஷாயம் சொல்லுவதுபோலவே அந்த வீட்டையும் சொன்னார்கள். ஒரு ஜூன் மாத மத்தியானம், தெருவில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது, லீன்ஹார்ட் பட்டறையிலிருந்து வந்து முக்காலியில் முழங்கால் இடித்துக்கொண்டு நின்றான்.

"யாரு பிள்ளை?"

"செருப்புக்காரர் வீட்டுது."

"தூங்கிடுச்சா?"

"இப்பதான். மெதுவா வாங்க."

அவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.