சாம்பிளுக்கு ராசப்பன் ரத்தம்

“ஏனுங்க டாக்டர், என்ற பையனுக்குத்தான நோய். ரத்தம் மட்டும் எதுக்குங்க ஊராரு தரோணும்?”

வேலம்பாளையம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் தமிழ்மதிக்கு அது விளங்கவில்லை. மகன் அருள்குமாருக்குக் காதில் சீழ், நெஞ்சில் சளி, ஆஸ்பத்திரியே கதி. அவளுடைய தம்பியும் இப்படியே இருந்து சின்ன வயதில் போய்ச் சேர்ந்தவன். பேர் தெரியாத அந்த நோய் இவனையும் கொண்டுபோய்விடுமோ என்ற பயத்தில்தான் கோவைக்கு வந்திருந்தாள்.

டாக்டர் கமலாம்பாள் பொறுமையாகச் சொன்னார்: “கிருமியை எதிர்க்கிற சத்தை ரத்தத்துல பி செல்தான் செய்யும். இவனுக்கு அந்த செல்லே இல்லீங்க. அதை வளரச் சொல்லி சேதி கடத்துற புரதம் இல்லையோன்னு சந்தேகம். நல்லவேளை, அதே புரதம் மோனோசைட்டுங்கிற செல்லுலயும் இருக்கும். அந்த செல் இவனுக்கு இருக்குது. அதுல பார்த்துக்கலாம். உங்க ரத்தமும் வேணும். கூடவே சொந்தமில்லாத, ஆரோக்கியமான ஒருத்தர் ரத்தம். அதோட வச்சுப் பார்த்தாத்தான் வித்தியாசம் தெரியும்.”

“அப்ரூவல் சாம்பிள் பக்கத்துல துணிய வச்சுக் கலர் பாக்கற மாதிரிங்களா?”

“அதேதான்.”

லீவு என்றாலே எரிந்துவிழும் சூப்பர்வைசர் ராசப்பனிடம் மறுநாள் டாக்டர் ரத்தம் கேட்டதைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“சாம்பிள் இல்லாம எந்தத் துணி லாட்டை அம்மிணி பாஸ் பண்றது? நா வர்றேன். ஆனா ஊசின்னா எனக்கு மயக்கம் வரும். லைன்ல வேலை செய்யறவங்ககிட்டச் சொல்லிப்போடாதே.”

சொன்னபடியே ஆஸ்பத்திரிக்கு வந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

முடிவு வந்தது. “ராசப்பன் மோனோசைட்டுல புரதம் நல்லா இருக்கு. அருளுக்கு இல்லை. உங்களுக்குப் பாதி செல்லுல இருக்கு, பாதியில இல்லை. இருக்கற பாதியாலதான் உங்களுக்கு நோய் வரலை.”

“அப்ப என்றகிட்ட இருந்துதான் வந்துச்சுங்களா?”

“உங்களுக்கும் பிறப்புல வந்ததுதானே? யார் தப்பும் இல்லீங்க. பேர் தெரிஞ்சுபோச்சு, வைத்தியம் இருக்கு. எத்தனையோ பேர் குடுத்த ரத்தத்துல இருந்து அந்த எதிர்ப்புச் சத்தைப் பிரிச்செடுத்து, மாசாமாசம் ஏத்துவோம்.”

தமிழ்மதி முகந்தெரியாத அத்தனை பேரையும் நினைத்துக் கைகூப்பினாள்.

அந்த ஐப்பசி மழையிலும் அருளின் காது காய்ந்தே இருந்தது. வீட்டில் சுட்ட இனிப்புக் கச்சாயத்தை ராசப்பனிடம் நீட்டினாள்.

“நா என்னத்தக் குடுத்துப்போட்டேன் அம்மிணி? ஒரு ட்யூப்பு. அதுவும் கண்ண மூடிக்கிட்டு.”

“நல்ல ரத்தம் எப்படி இருக்கும்னு உங்களை வச்சுத்தானுங்க கண்டுபுடிச்சாங்க.”

ராசப்பனுக்கு வாய் நிறையக் கச்சாயம். விழுங்கிவிட்டுக் கேட்டார்: “பையனுக்கு அடுத்த ஊசி என்னிக்கு? உனக்கு லீவை இப்பவே போட்டு வெச்சர்றேன்.”