கடல் வற்றும்வரை

கால்வாயில் குதித்தான் பல்தேவ். நெஞ்சளவுத் தண்ணீர். அக்கரையில் மண் வெட்டும் எந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அந்தக் கரையை வெட்டினால் அந்தப் பக்கத்து ஊர் கூரைவரை முழுகும். வெட்டாவிட்டால் மேலே மழைவெள்ளத்தில் நிற்கும் கம்பெனிக் கரும்பு அழுகும். இரண்டு மணி நேரத்தில் ஏற்றம் தணிந்து கடல் வற்றிவிடும். மதகைத் தூக்கினால் வெள்ளம் தானே ஓடிவிடும். அதுவரை பொறுக்கத் தோட்டத்து மேனேஜருக்கு மனமில்லை.

இக்கரையில் அந்தக் காலத்தில் கரும்பு வெட்ட வந்த இந்தியரின் வம்சம், அக்கரையில் கறுப்பர். போன தேர்தல் கலவரத்தில் நடுப்பாலம் எரிந்தது. யார் கொளுத்தியது என்ற சண்டையில், அதன்பிறகு ஒருவர் வீட்டுச் சாவுக்குக்கூட மற்றவர் போனதில்லை.

அக்கரையில், எந்திரம் தரையில் இறக்கியிருந்த இரும்பு வாளிக்குள் சம்மணமிட்டிருந்தாள் ரொட்டிக்கடை ஆஸ்லின்.

"என்ன பல்தேவ், நாங்க முழுகறத பாக்க முன் வரிசையில சீட்டு வேணுமா?"

"தள்ளி உக்காரு." ஏறி உட்கார்ந்தான். "மேனேஜர் மொதல்ல உன்கிட்டதான் வந்தானாமே? எந்திர டிரைவர் இப்பத்தான் சொன்னான்."

"வந்தான். உங்க கரைய வெட்டறேன், ஊர் சார்பா கையெழுத்துப் போடுன்னான். பேனாவப் புடுங்கி வீசிட்டேன்."

"ஏன்?"

"உன் மூஞ்சிக்காக இல்லப்பா. அங்கயும் தொட்டில் தொங்குதே."

பல்தேவ் தலையைக் குனிந்துகொண்டான்.

அதற்குள் அவன் மனைவி சுக்தாய் ஊரையே திரட்டிவிட்டாள். வீட்டுக் கதவுகளைக் கழற்றி, கால்வாயில் மிதக்கவிட்டு, பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"பாலத்தக் கொளுத்திட்டு இப்பக் கதவத் தூக்கிட்டு வரீங்களா?" அக்கரையிலிருந்து ஒருவன் கத்தினான்.

"கையக் குடுண்ணே! சண்டைய தண்ணி வத்தினப்புறம் வச்சுக்கலாம்!" என்றாள் சுக்தாய்.

அவன் கை கொடுத்தான். எந்திரத்தைச் சுற்றி இரு ஊரும் நெருக்கியடித்து உட்கார்ந்தன.

அங்கே வந்து சேர்ந்த மேனேஜர் ஒரு தாளை உயர்த்தினார். "எல்லாரும் எறங்குங்க! இந்தக் கரைய வெட்ட எதிர் ஊர் தலைவரே சம்மதம் குடுத்திருக்காரு. இதோ கையெழுத்து!"

ஆஸ்லின் பல்தேவ் பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

பல்தேவ் தன் வலக்கையை வாளியின் இரும்புப் பல்லின்மேல் வைத்தான்.

"காலையில நான்தான் போட்டேன். போட்ட கை இதுதான். மொதல்ல இத வெட்டு. அப்புறம் கரைய வெட்டு."