கருப்புசாமிக்குச் சிவப்பு ஒயின்

வருடா வருடம் கருப்புசாமிக்குப் பிராந்தி படைக்கும்போது வாயே திறக்காத மனுஷர், என் மகள் கீதாஞ்சலி செய்த ஒயினைப் பார்த்ததும் நியாயம் பேச ஆரம்பித்துவிட்டார். வேறு யார், என் வீட்டுக்காரரின் அண்ணன் வைத்திலிங்கம்தான்.

"பொட்டப்புள்ள சாராயம் காச்சுறான்னு ஊரே சிரிக்கும் புஷ்பவல்லி" என்றார். வேப்பந்தட்டைக்கு வெளியே காட்டுக் கோயிலில் பங்காளிகள் எல்லாரும் படையலுக்குக் கூடியிருந்த பகல் நேரம் அது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சாராயம் இல்ல மாமா, திராட்சை ஒயினு. அதுக்குன்னே படிச்சுட்டு நாசிக்குல வேல பாக்குறா. இது அவளே பொறுப்பா நின்னு செஞ்ச மொத ஒயினு. மொத வெள்ளாமைய சாமிக்கு வைக்கிறது நம்ம வழக்கந்தானே?"

குளிர் நாட்டில்தான் நல்ல சிவப்பு ஒயின் வரும், இந்த வெயிலில் பழம் வெந்துபோகும் என்று அங்கே அவளிடம் சொன்னார்களாம். வெயில் ஏற ஏறப் பழத்தில் இனிப்பு கூடும், புளிப்பு இறங்கிவிடும்; புளிப்பு போவதற்குள் பறித்துவிட வேண்டும். இவள் தினமும் தோட்டத்தில் நடந்து, பழத்தைத் தின்று பார்த்தே நாள் குறித்தாள். பெரம்பலூர் வெயிலில் பருத்தி எடுத்து வளர்ந்தவளுக்கு வெயிலைப் பற்றி எவன் பாடம் எடுப்பது? அந்த ஒயினுக்கு மெடல் கொடுத்தார்கள். சொல்லும்போதே எனக்குத் தலை நிமிர்கிறது. நிமிரட்டுமே!

"சரி, பாட்டில வாங்கிக்குறோம். ஆனா எல்லைக்கல்லுக்கு உள்ள ஆம்பளைங்க மட்டுந்தான். அவ வரக்கூடாது" என்றார் வைத்திலிங்கம்.

என் வீட்டுக்காரர் ராஜவேல், அண்ணன் சொல்லுக்கு மறுசொல் சொல்லி அறியாதவர். தலையைக் குனிந்தபடி பாட்டிலை வாங்கிக்கொண்டு, எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே போனார். கீதாஞ்சலியின் முகம் சுண்டிப்போனது.

"என் கையால ஊத்தணும்னுதாம்மா லீவு போட்டுட்டு வந்தேன்" என்றாள்.

எங்கள் கோயிலில் பாட்டில் மூடியைப் பூசாரி பல்லால் கடித்துத்தான் திறப்பார். பூசாரி அய்யம்பெருமாள் கடித்தார். மேலே சுற்றியிருந்த தாள்தான் கிழிந்து வந்தது. உள்ளே கழுத்துவரை கார்க் இறுகிக் கிடந்தது. கத்தி நுனியால் குத்திப் பார்த்தார், அசையவில்லை.

"இங்க குடுய்யா" என்று வைத்திலிங்கம் பிடுங்கினார். ஆயுசுக்கும் பாட்டில் திறந்த கை அல்லவா! அடியில் தட்டினார், முறுக்கினார், குலுக்கினார்.

"பெரியப்பா, குலுக்காதீங்க!" என்று கீதாஞ்சலி பதறினாள். திறக்கும் திருகுக்கம்பி அவள் பையில்தான் இருந்தது. எடுத்து நீட்டப் போனவளின் கையை நான் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். சும்மா விடுவேனா?

"என்ன மாமா, பழக்கமில்லயோ?" என்றேன். பெண்கள் பக்கம் சிரிப்பு தாங்கவில்லை.

சோறும் கறியும் ஆறிக்கொண்டிருந்தன. அய்யம்பெருமாள் பொறுமை இழந்துவிட்டார். "சாமிய எவ்வளவு நேரம் காக்க வைப்பீங்க? செஞ்ச புள்ளைக்குத்தான் தெறக்கத் தெரியும். நீ உள்ள வா ஆத்தா."

வைத்திலிங்கம் வாயைத் திறந்தார். பூசாரி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

கீதாஞ்சலி செருப்பைக் கழற்றிவிட்டு எல்லைக்கல்லைத் தாண்டினாள். கம்பியைத் திருகி ஒரே இழுப்பு. சாமியாக நட்டிருந்த வேலின் அடியில் அவள் தன் கையாலேயே ஊற்றினாள். நாவல்பழச் சாறு மாதிரி கருஞ்சிவப்பாக இறங்கியது.

ஊற்றி முடித்ததும் படைப்பவர் பெயரைச் சாமியிடம் சொல்ல வேண்டும்.

"யாரு படையலு?" என்று பூசாரி குரல் கொடுத்தார். மூத்தவர்தான் பதில் சொல்வது. வைத்திலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"என் மவ கீதாஞ்சலி படையலு!"

அடி ஆத்தீ, கத்தியது என் வீட்டுக்காரர்! அண்ணனுக்கு முன்னால் நின்று, மரத்துக் காக்கையெல்லாம் பறக்கிற அளவுக்குக் கத்தினார். பூசாரி அந்தப் பெயரை அப்படியே சாமியிடம் திருப்பிச் சொன்னார்.