கேட்காமல் எடுத்த படம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளியையும் மெயின் ரோட்டில் தைரியமாக ஓட்ட வைத்துவிடுவாள். மார்பகப் புற்றுநோய் வந்து ஒரு பக்கத்தை எடுத்த பிறகு, சீட் பெல்ட் தழும்பில் உராய்ந்தது. அடியில் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

சிகிச்சை நடந்த மாதங்களில் கூடவே கிடந்தது தங்கைதான். வீட்டில் அவளுக்குப் பேர் குட்டி. குறும்படம் எடுக்கிறேன் என்று அலைந்துகொண்டிருந்தவள், அதை ஓரங்கட்டிவிட்டு ஓடி வந்திருந்தாள். குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, முடி கொட்டிய தலைக்குக் குட்டி தண்ணீர் ஊற்றும்போதெல்லாம், பெற்ற தாயிடமும் சொல்லாததை அக்கா அவளிடம் கொட்டித் தீர்த்தாள்.

ஒரு வருஷம் போனது. "என் படம் போடுறாங்க. மாமாவையும் கூட்டிட்டு வாக்கா" என்றாள் குட்டி.

அரங்கில் அக்கா கணவரோடு உட்கார்ந்தாள். திரையில் ஒரு குளியலறை, ஒரு ஸ்டூல். மொட்டைத்தலையோடு ஒரு நடிகை சொன்னாள்: "வெட்டி எடுத்ததுக்கு நான் அழல. அவர் பாத்தும் பாக்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாரே, அதுக்குத்தான் அழுதேன்."

ஐயோ, இவர் காதில் விழுந்துவிட்டதே என்றுதான் முதலில் பதறினாள். ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் முகத்தில் ஒரு திடுக்கிடலும் இல்லை. வரப்போகும் வசனம் தெரிந்தவர் போலத் தலையைக் குனிந்திருந்தார்.

கைதட்டல் ஓயுமுன் குட்டியை வெளியே இழுத்து வந்தாள். அவரும் பின்னாலேயே வந்தார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாடி?"

"கேட்டா வேணாம்னுடுவே. மாமாகிட்ட கதையைக் காட்டினேன்க்கா. படிச்சிட்டு, எடுத்துக்கோன்னார்."

"எப்போ?"

"உனக்கு மருந்து ஏத்திக்கிட்டிருந்தப்பவே."

அவ்வளவு நாளாக அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு ராத்திரிகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நேர்ல பேச எனக்கு வாய் வரலம்மா" என்றார் அவர். "படமாவது பேசட்டும்னு..."

"ஊர்கிட்ட பேசிடுச்சு. சந்தோஷமா?"

இரண்டு பேரையும் வாசலிலேயே விட்டுவிட்டுக் காரை எடுத்தாள்.

படத்துக்குப் பரிசு கிடைத்தது. அவர் இப்போது தினமும் எதையாவது பேசப் பார்க்கிறார். அவளுக்குத்தான் காது கொடுக்க மனசில்லை.

ஒருநாள் குட்டி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். அக்கா துரத்தவில்லை. உள்ளே கூப்பிட்டு, தட்டு வைத்துச் சோறு போட்டாள்.

"உடம்பு எப்படிக்கா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"கை வலி?"

"அதெல்லாம் இல்ல. நீ சாப்பிடு."

அன்று காலை ரவிக்கை மாட்டக்கூட அறுவை நடந்த பக்கத்துக் கையைத் தூக்க முடியவில்லை. அதை அவள் குட்டியிடம் சொல்லவில்லை.